கட்டாமல் விட்ட நிலம்: பாரீசின் பிரோன் மாளிகையும் பிரெஞ்சு நகர மாளிகை மரபும்

(புதுச்சேரியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்த வடிவம். இடையே வந்த கேள்விகளும் படங்களுக்கான விளக்கங்களும் நீக்கப்பட்டுள்ளன.)



இந்த அறக்கட்டளையார் கட்டடக்கலை மரபு என்ற பரந்த பொருளைக் கொடுத்து, அதற்குள் எதைப் பேசுவது என்பதை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். நான் ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொண்டேன். பாரீசின் 7-ஆம் வட்டாரத்தில், வாரேன் தெருவில், 77-ஆம் எண்ணில் இருக்கிறது அது. பெயர் பிரோன் மாளிகை. சிற்பி ரோடினின் அருங்காட்சியகம் என்று சொன்னால் உங்களில் பலருக்குத் தெரிந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் இத்தகைய வீட்டை 'ஓத்தெல்' என்பார்கள். நாம் சாப்பிடப் போகும் ஓட்டல் அல்ல இது. பிரபுக்களும் பெரும் பணக்காரர்களும் நகரத்துக்குள் கட்டிக்கொண்ட தனி மாளிகை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் நம் கண் உடனே தூணுக்கும் கதவுக்கும் தரைக்கும் போகிறது. அரசாங்கப் பட்டியலும் கட்டடத்தைத்தான் எழுதுகிறது. இந்த மாளிகைகளைப் பொறுத்தவரை அந்தப் பார்வை போதாது என்பது என் கருத்து. இவற்றில் முதலில் காக்கப்பட வேண்டியது, வீட்டுக்கு முன்னும் பின்னும் கட்டாமல் விட்ட நிலம். அந்த நிலம் தப்பிய இடத்தில் வீடு எத்தனை சேதம் பட்டாலும் மீண்டிருக்கிறது. அது போன இடத்தில், சுவரெல்லாம் நின்றும் வீடு செத்துப்போயிருக்கிறது. இதை ஏழு குறிப்புகளாகச் சொல்கிறேன்.

1. வீட்டின் வரிசை

தெருவில் நின்று பார்த்தால் இந்த வீடு கண்ணில் படாது. உயரமான மதில், நடுவில் ஒரு பெரிய இரட்டைக் கதவு, அவ்வளவுதான். குதிரை பூட்டிய கோச்சு வண்டி அப்படியே உள்ளே போகும் அளவுக்கு அந்தக் கதவுக்கு உயரமும் அகலமும் உண்டு. பாரீசின் பழைய தெருக்களில் நடக்கும்போது இந்த வாயில்களின் அடியைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டி, முழங்கால் உயரத்தில், சாய்வாக ஒரு கல் நட்டிருப்பார்கள். வண்டிச் சக்கரம் சுவரை உரசவந்தால் அந்தக் கல் சக்கரத்தை நடுவுக்குத் தள்ளிவிடும். சில கற்களில் சக்கரம் தேய்த்த வழவழப்பை இன்றும் கையால் தடவிப் பார்க்கலாம்.

கதவைத் தாண்டினால் கல் பாவிய முன்முற்றம். அதன் அளவை முடிவு செய்தது வண்டி. உள்ளே வந்த வண்டி ஒரு வட்டம் அடித்து, படிக்கட்டருகே எசமானை இறக்கிவிட்டு, பின்னோக்கித் தள்ளாமல் வெளியே போக வேண்டும். அதற்கு வேண்டிய இடத்தை விட்ட பிறகுதான் மீதி எல்லாம். முற்றத்தின் பக்கங்களில் குதிரை லாயம், வண்டிக் கொட்டகை, சமையற்கட்டு. பெரிய வீடுகளில் இவற்றுக்கென்று பக்கவாட்டில் தனியாக ஒரு சிறு முற்றம் இருக்கும். சாணமும் புகையும் வேலைக்காரர்களின் நடமாட்டமும் விருந்தினர் கண்ணில் படாமல் அங்கேயே முடிந்துவிடும். முற்றத்துக்கு அப்பால், அதன் குறுக்கே, வீடு. வீட்டுக்கு அப்பால் தோட்டம்.

செட்டிநாட்டு வீடு தெரிந்த நமக்கு இங்கே ஒரு குழப்பம் வரலாம். நம் முற்றம் வீட்டின் நடுவயிற்றில் இருக்கிறது. நாலு பக்கமும் வீடு சூழ்ந்திருக்க, வானம் உள்ளே இறங்கிவருகிறது. பாரீசின் மாளிகையில் முற்றம் வீட்டுக்கு வெளியே, தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கிறது. வீடு இரண்டு வெளிகளுக்கு இடையே மெல்லிய தடுப்பாக நிற்கிறது. அதனால்தான் அதற்கு இரண்டு முகம். முற்றத்தைப் பார்த்த முகம் விறைப்பானது, வந்தவரை எடைபோடுவது. தோட்டத்தைப் பார்த்த முகத்தில் சன்னல்கள் தரைவரை இறங்கிக் கதவுகளாகிவிடும். நாலைந்து படி இறங்கினால் பூப்பாத்தி. நல்ல அறைகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். அறைக்கு அறை உள்ள கதவுகள் சன்னலோரமாக ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். அத்தனையையும் திறந்துவைத்தால் வீட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி தெரியும்.

இந்த அமைப்பில் கட்டடக் கலைஞனுக்கு நிலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதே வாரேன் தெருவில் 57-ஆம் எண்ணில் ஒரு சான்று இருக்கிறது. மாத்தினியோன் மாளிகை, 1935 முதல் பிரெஞ்சுப் பிரதமரின் இருப்பிடம். 1720களில் ழான் கூர்த்தோன் அதற்கு வரைபடம் போட்டபோது ஒரு சிக்கல். முற்றத்தின் நடுக்கோடும் தோட்டத்தின் நடுக்கோடும் நேராக வரவில்லை. நிலத்தின் அமைப்பு அப்படி. அவர் தோட்டத்தை வெட்டவும் இல்லை, முற்றத்தைக் குறுக்கவும் இல்லை. வீட்டின் இரண்டு முகங்களுக்கும் வெவ்வேறு நடுப்புள்ளியைக் கொடுத்தார். முற்றத்தில் நின்றால் வீடு முற்றத்துக்குச் சரிபாதியாகத் தெரியும். தோட்டத்தில் நின்றாலும் அப்படியே. நடுவே உள்ள அறைகளைக் கடந்து வருகிறவர், தாம் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டதை உணரமாட்டார். இரண்டு வெளிகளின் ஒழுங்குக்காக வீடு தன் உடலை வளைத்துக்கொடுத்தது. பிரெஞ்சு நகர மாளிகையைப் பற்றி நான் படித்த எந்த விளக்கத்தையும்விட அந்த வரைபடம் எனக்கு அதிகம் சொன்னது.

இந்த வரிசையை நடந்தே பார்க்க விரும்புகிறவர்களுக்கு மாரே பகுதியில் சுல்லி மாளிகை இருக்கிறது. 1620களில் ஒரு நிதிக்காரருக்காகத் தொடங்கியது. 1634-இல் நான்காம் ஹென்றியின் அமைச்சராக இருந்த சுல்லி பிரபு வாங்கினார். சேன் அந்துவான் தெருவில் நுழைந்து, பருவங்களையும் பூதங்களையும் சிற்பமாக வடித்த முற்றத்தைக் கடந்து, வீட்டின் ஊடே தோட்டத்துக்கு வந்து, தோட்டத்தின் கோடியிலுள்ள ஆரஞ்சு மர மண்டபத்தின் பக்கத்துக் கதவு வழியாக வோழ் சதுக்கத்துக்குப் போய்விடலாம். பாரீசுக்காரர்கள் குறுக்குவழியாக அதைப் பயன்படுத்துகிறார்கள்.

2. நிலமும் பணமும்

பதினான்காம் லூயி 1715-இல் இறந்ததும் அரசவை வெர்சாயை விட்டுப் பாரீசுக்குத் திரும்பியது. பிரபுக்களுக்கு நகரத்தில் வீடு வேண்டியிருந்தது. பழைய மாரே பகுதி நெருக்கமாகிவிட்டது. செய்ன் ஆற்றின் இடது கரையில், சேன் ழெர்மேன் புறநகரில் தோட்டங்களும் வெற்று நிலங்களும் இருந்தன. அங்கே ஓடினார்கள். வாரேன், கிரெனெல், சேன் தொமினிக் தெருக்களில் சில பத்தாண்டுகளுக்குள் மாளிகைகள் எழுந்தன.

பிரோன் மாளிகையைக் கட்டியவர் பிரபு அல்லர். அபிரகாம் பெய்ரங்க் தெ மொராஸ், தெற்கே ஒரு சிற்றூரில் பொய்முடி செய்து பிழைத்தவரின் மகன். ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் பிரான்சில் நடத்திய காகிதப் பண, பங்குப் பரிசோதனையில் அவர் பெரும் செல்வம் சேர்த்தார். அந்தப் பங்குகள் எந்தக் கம்பெனியுடையவை? 1719-இல் ஜான் லா ஒன்றாக இணைத்த பிரெஞ்சு இந்தியக் கம்பெனியுடையவை. நாம் இப்போது அமர்ந்திருக்கும் இந்த ஊர் அந்தக் கம்பெனியின் ஆட்சியில் இருந்தது. 1720-இல் திட்டம் நொறுங்கியபோது ஆயிரக்கணக்கானோர் கையில் காகிதம் மட்டும் மிஞ்சியது. உரிய நேரத்தில் விற்றவர்கள் நிலம் வாங்கினார்கள். மொராஸ் அவர்களில் ஒருவர். அவருடைய மகன் பிற்பாடு பிரான்சின் நிதித்துறைக்கும், பிறகு 1757-58-இல் கப்பற்படைக்கும் அமைச்சரானார். பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு புதுச்சேரியில் வந்து இறங்கியது 1758 ஏப்ரலில், அதாவது அந்த மகனின் அமைச்சர் காலத்தில்.

ழான் ஒபேர் என்ற கட்டடக் கலைஞர் 1727 வாக்கில் வேலையைத் தொடங்கினார். அன்று அது நகரத்தின் ஓரம். நிலத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே பக்கத்து வீடுகளோடு ஒட்டாமல், நாலு பக்கமும் காற்றும் வெளிச்சமும் வரும்படி வீட்டைத் தனியாக நிறுத்தினார். தோட்டப் பக்கத்தின் இரு மூலைகளிலும் நீள்வட்ட அறைகள். அவற்றின் சுவர் முழுவதும் செதுக்கிய மரப்பலகை. கதவுகளுக்கு மேலே பதிக்க பிரான்சுவா லெமுவான் ஓவியங்கள் தீட்டினார். இத்தனையும் முடிந்து குடியேறிய மொராஸ் 1732-இல் இறந்துபோனார். தான் கட்டிய வீட்டில் அவர் வாழ்ந்தது மிகக் கொஞ்ச காலம்.

3. கன்னியர் மடமும் தோட்டமும்

மொராசுக்குப் பின் மேன் சீமாட்டி வாடகைக்கு வந்து 1753-இல் இறக்கும்வரை இருந்தார். அதே ஆண்டில் மார்ஷல் பிரோன் பிரபு வாங்கினார். வீட்டை அவர் அதிகம் தொடவில்லை. பணத்தைத் தோட்டத்தில் கொட்டினார். அவருடைய பூப்பாத்திகளைப் பார்க்க வெளியூர் விருந்தினர் வந்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் அப்படி வாழ்ந்து, புரட்சிக்கு முந்தைய ஆண்டில், 1788-இல், அவர் கண்மூடினார். வீட்டைக் கட்டியவர் பெயர் மறைந்து, தோட்டத்தை வளர்த்தவர் பெயர் நிலைத்துவிட்டது. புரட்சிக்குப் பிறகு போப்பாண்டவரின் தூதர் கொஞ்ச காலம், ரஷ்யத் தூதர் கொஞ்ச காலம் என்று குடிமாறி, 1820-இல் மதலேன் சோபி பாரா நிறுவிய திரு இருதய சபைக் கன்னியரின் கைக்கு வந்தது. அவர்கள் அங்கே பெண்கள் பள்ளி நடத்தினார்கள்.

கலை வரலாற்றாசிரியர்கள் இந்தக் கன்னியரை மன்னித்ததில்லை. காரணம் இருக்கிறது. செதுக்கிய பலகைகளும் கண்ணாடிகளும் பொன்பூச்சும் வீண் ஆடம்பரம் என்று கழற்றி விற்றார்கள். லெமுவானின் ஓவியங்களும் போயின. வெறும் சுவர் மிஞ்சியது. 1870களில் முற்றத்தின் பக்கமாக, தெருவை ஒட்டி, ழுயிஸ்த் லிஷ் என்பவரைக் கொண்டு ஒரு தேவாலயம் கட்டினார்கள். பள்ளிக்கான கட்டடங்களும் எழுந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் மிக நுட்பமான உள்ளலங்காரங்களில் ஒன்று சிதறிப்போனது உண்மை. அந்த இழப்பை நான் சிறிதாக்கிச் சொல்லவில்லை.

ஆனால் அந்த எண்பது ஆண்டுகளில் சுற்றுப்புறத்தில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாரீசின் பழைய தெருக்களை இடித்து அகலப்படுத்திய ஆட்சியர் ஒஸ்மானின் காலத்தில் திட்டமிட்ட சேன் ழெர்மேன் பெருஞ்சாலை அதே புறநகரை ஊடறுத்துப் போனது. அதன் வழியிலிருந்த மாளிகைகள் இடிந்தன, தோட்டங்கள் துண்டாயின. நிலத்தின் விலை ஏற ஏற, வாரிசுகள் தோட்டத்தின் பின்பகுதியை மனை மனையாக விற்றார்கள். அதில் ஆறு மாடி வாடகை வீடுகள் முளைத்தன. முன்னால் மாளிகையின் முகம் அப்படியே இருக்கும். பின்பக்கச் சன்னலைத் திறந்தால் யாரோ ஒருவருடைய சமையலறைச் சுவர். இந்தக் காலம் முழுவதும் கன்னியரின் நிலம் பிரியாமல் இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஓடியாடவும் காய்கறி போடவும் அவர்களுக்கு அது வேண்டியிருந்தது. சபையின் சொத்து என்பதால் பாகப்பிரிவினையும் இல்லை.

வீட்டின் உள்ளே இருந்த அழகை அவர்கள் அழித்தார்கள். வெளியே இருந்த நிலத்தைக் காத்தார்கள். எது பெரிய பணி என்று என்னைக் கேட்டால் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். விற்றுப்போன மரப்பலகைகளில் சிலவற்றை அருங்காட்சியகம் பிற்பாடு தேடிக் கண்டுபிடித்து வாங்கி, நீள்வட்ட அறையில் மறுபடி பொருத்திவிட்டது. விற்றுப்போன மூன்று ஹெக்டேரை, நம் கணக்கில் ஏழரை ஏக்கரை, பாரீசின் நடுவில் எந்த அருங்காட்சியகத்தால் திரும்ப வாங்க முடியும்?

4. ரோடின் வந்தது

1904-இல் துறவு சபைகள் பள்ளி நடத்தக் கூடாது என்று பிரான்சில் சட்டம் வந்தது. கன்னியர் வெளியேறினார்கள். சொத்தைத் தீர்வு செய்ய வந்த அதிகாரி, விற்கும்வரை சும்மா கிடக்க வேண்டாமே என்று அறைகளைக் குறைந்த வாடகைக்கு விட்டார். கலைஞர்கள் குவிந்தார்கள். மத்தீஸ் அங்கே ஓவியப் பள்ளி நடத்தினார். நாட்டியக் கலைஞர் இசடோரா டங்கன் இடம் பிடித்தார். இளம் கவிஞரான ழான் கொக்தோ ஓர் அறை எடுத்தார். சிற்பி கிளாரா வெஸ்த்தோஃப் ஒரு கூடத்தில் வேலை செய்தார். அவருடைய கணவர்தான் ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே. 1908-இல் அங்கே குடிவந்த ரில்கே, தாம் முன்பு செயலாளராக இருந்த ரோடினுக்கு, நீங்கள் வந்து இதைப் பார்க்க வேண்டும் என்று எழுதினார்.

ரோடினுக்கு அப்போது வயது அறுபத்தேழு. வந்தார், பார்த்தார், தரைத்தளத்தில் தோட்டத்தைப் பார்த்த அறைகளை எடுத்துக்கொண்டார். புதர் மண்டிக் கிடந்த தோட்டத்தில் தம் சிற்பங்களையும், தாம் சேர்த்துவைத்திருந்த பழங்காலச் சிலைகளையும் கொண்டுபோய் வைத்தார். வெட்டவெளியில், மாறும் வெயிலில், மரத்தின் பின்னணியில் சிலையைப் பார்ப்பது அவருக்கு வேலையின் ஒரு பகுதி. கூரைக்குக் கீழே அந்த வசதி எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காது.

விற்பனை நெருங்கியது. மனைகளாகப் பிரித்திருந்தால் நல்ல விலை வந்திருக்கும். 1911-இல் அரசாங்கம் வாங்கிக்கொண்டது. பள்ளிக் கட்டடங்களும் நிலத்தின் ஒரு பகுதியும் விக்தோர் துருயி பெண்கள் பள்ளிக்குப் போயின. மாளிகையை ஏதாவது ஓர் அலுவலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சும் இருந்தது. ரோடின் ஓர் உடன்பாட்டை முன்வைத்தார்: என் படைப்புகள், என் சேகரிப்புகள், எல்லாவற்றையும் நாட்டுக்கு எழுதித் தருகிறேன், இந்த வீட்டை அருங்காட்சியகமாக்கி, சாகும்வரை என்னை இங்கே இருக்க விடுங்கள். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. உயிரோடிருக்கும் ஒரு கலைஞருக்கு அரசு மாளிகையா என்றார்கள். அவருடைய சிற்பங்கள் ஒழுக்கக்கேடானவை என்றார்கள். ழுயிதித் கிளாதேல் என்ற எழுத்தாளர் விடாமல் ஆதரவு திரட்டினார். உலகப் போரின் நடுவே, 1916 டிசம்பரில், பாராளுமன்றம் கொடையை ஏற்றது. 1917 நவம்பரில் ரோடின் இறந்தார். 1919-இல் அருங்காட்சியகம் திறந்தது. 1926-இல் மாளிகை வரலாற்றுச் சின்னமானது.

அங்கே போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'சிந்தனையாளன்' சிலையின் முன்னே நின்று படம் எடுத்தபின், சிலையை விட்டுவிட்டு அதன் பின்னணியைப் பாருங்கள். மரங்களுக்கு மேலே இன்வாலீட் தேவாலயத்தின் பொன் கவிமாடம் எழுந்து நிற்கும். சிலைக்கும் கவிமாடத்துக்கும் நடுவே உயரமான கட்டடம் குறுக்கிடவில்லை. அந்தக் காட்சியை யாரும் செதுக்கவில்லை, யாரும் தீட்டவுமில்லை. இரண்டு நூற்றாண்டுகளாகப் பலர் அந்த இடத்தில் கட்டாமல் இருந்ததன் விளைவு அது.

வீட்டுக்கு வருவோம். ஒரு குடும்பத்துக்காகப் போட்ட ஓக் மரத் தரையில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் நடந்தார்கள். கூடவே பளிங்கின் எடை, வெண்கலத்தின் எடை. தரை தொய்ந்தது. 2012 முதல் 2015 வரை பகுதி பகுதியாக மூடிச் செப்பனிட்டார்கள். சிற்பங்கள் எடுப்பாகத் தெரிய, சுவருக்கென்றே ஒரு சாம்பல் வண்ணத்தைக் கலந்து உருவாக்கினார்கள். தோட்டத்தின் இன்றைய அமைப்பு ழாக் ஸ்கார் என்ற நிலவடிவமைப்பாளர் 1990களில் செய்தது. மார்ஷல் பிரோன் வந்து பார்த்தால் தம் தோட்டம் என்று அடையாளம் கண்டுகொள்ளமாட்டார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. செடி மாறும், பாத்தி மாறும். வீட்டின் பின்பக்கத்துப் படியில் நின்றால் எதிரே மண் இருக்கிறது, கோடியில் குளம் இருக்கிறது, மரம் இருக்கிறது.

5. நிரம்பிய முற்றங்கள்

இதற்கு நேர்மாறான கதை மாரேயில் நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரபுக்கள் அங்கிருந்து விலகத் தொடங்கினார்கள். புரட்சிக்குப் பின் கைவினைஞர்களும் சிறு பட்டறைகளும் மாளிகைகளுக்குள் வந்தார்கள். வெண்கல வார்ப்பு, நகைவேலை, தோல்வேலை. முற்றத்தில் கண்ணாடிக் கூரை போட்டார்கள். தோட்டத்தில் கொட்டகை எழுந்தது. கொட்டகை மேல் இன்னொரு மாடி. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மாரேயை வானத்திலிருந்து பார்த்தால் முற்றம் எது, வீடு எது என்று பிரித்தறிய முடியாத நிலை. சில பகுதிகளை நலக்கேடானவை என்று நகராட்சி அறிவித்து, இடிக்கவும் திட்டம் போட்டிருந்தது.

பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோவின் பெயரால் வழங்கும் 1962 ஆகஸ்ட் 4-ஆம் நாள் சட்டம் இங்கேதான் வருகிறது. அதுவரை ஒரு கட்டடத்தையும் அதன் சூழலையும் மட்டுமே பாதுகாத்த பிரான்சு, முதன்முறையாக ஒரு பகுதி முழுவதையும் பாதுகாக்க வழிசெய்தது. 1964-இல் மாரேயின் 126 ஹெக்டேர் அதன்கீழ் வந்தது. பிரோன் மாளிகை இருக்கும் 7-ஆம் வட்டாரத்துக்கு 1972-இல் அதே வகைப் பாதுகாப்பு கிடைத்தது.

இந்தத் திட்டங்களின் வரைபடத்தைக் கட்டடக்கலை மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். காக்க வேண்டிய கட்டடத்துக்குக் கோடு போட்ட கறுப்பு. மாற்றிக் கட்டலாம் என்பதற்குச் சாம்பல். இடிக்கச் சொல்லலாம் என்பதற்கு மஞ்சள். மாரேயின் வரைபடத்தில் மஞ்சள் எங்கே விழுந்தது? பெரும்பாலும் முற்றங்களிலும் தோட்டங்களிலும். கொட்டகைகள் போய், வெளி திரும்ப வந்தது. எனக்குத் தெரிந்து, வெற்று நிலத்தை மீட்பதை இவ்வளவு வெளிப்படையாகத் தன் நோக்கமாக எழுதிவைத்த நகரத் திட்டம் அதற்கு முன் இல்லை.

அதன் விலையையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கொட்டகைகளில் மனிதர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பட்டறைகள் போயின. வாடகை ஏறியது, ஏழைக் குடும்பங்கள் வெளியேறின. பிந்தைய ஆண்டுகளில் அதிகாரிகளே இந்த இடிப்பு வேகத்தைக் குறைத்தார்கள். நல்ல பட்டறைக் கட்டடங்கள் சிலவும் மரபுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். முற்றத்தை மீட்பது சரி. அதில் வாழ்ந்தவனுக்கு மாற்றிடம் தராமல் மீட்டது தவறு. இந்த இரண்டையும் ஒருசேரச் சொல்லாத யாரும் மாரேயின் வரலாற்றை முழுதாகச் சொல்லவில்லை.

6. தரைக்குக் கீழே

சேன் லூயி தீவில் லாம்பேர் மாளிகை இருக்கிறது. லூயி லெ வோ 1640களில் கட்டியது, ஷார்ல் லெ ப்ரன் வரைந்த கூடம் உள்ளது. 2007-இல் அது கத்தார் அரச குடும்பத்தின் கைக்குப் போனபோது, நிலத்தடி வண்டி நிறுத்தமும் மின்தூக்கிகளும் அமைக்கத் திட்டமிட்டார்கள். பாரீசின் மரபு ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள். பணி நடந்துகொண்டிருந்த 2013 சூலையில் தீப்பிடித்து, எஸ்தாஷ் லெ சியூர் தீட்டிய குளியலறை ஓவியங்கள் அழிந்தன. அந்த வழக்கு எழுப்பிய கேள்வி இன்றும் நிற்கிறது. முற்றம் என்பது மேலே உள்ள வானம் மட்டுமா? கீழே உள்ள மண்ணும் சேர்ந்ததா? கீழே குடைந்து கான்கிரீட் போட்டால் மேலே புல் வளரும், மரம் வேர்விடாது. மண்ணும் சேர்ந்ததே என்பது என் முடிவு.

7. நம் ஊர்

1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியதும் பழைய தெருக்கோடுகளின் மேலேயே ஊரை மறுபடி எழுப்பியவர் ஆளுநர் லா தெ லொரிஸ்தோன். நான் முன்னே சொன்ன ஜான் லாவின் தம்பி மகன் அவர். பிரோன் மாளிகைக்குப் பணம் பிறந்த கதையும் இந்த ஊர் மறுபிறப்பு எடுத்த கதையும் ஒரே குடும்பத்தின் வழியாகப் போகின்றன.

கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியின் வீடுகள் பாரீசின் மாளிகைகளின் நகல் என்று நான் சொல்லவில்லை. அளவு வேறு, சுண்ணாம்பு வேறு, வெயிலுக்காக வந்த தாழ்வாரத் தூண்கள் வேறு. ஆனால் தியூமா தெருவிலோ சுஃப்ரேன் தெருவிலோ நடந்தால் உயர்ந்த மதில், பெரிய வாயில், உள்ளே திறந்த வெளி, அதன் பிறகு வீடு என்ற வரிசை தெரிகிறது. இந்த வீடுகளைப் பற்றிய நம் அக்கறை மஞ்சள் சுவரிலும் வெள்ளை ஓரத்திலும் நின்றுவிடுகிறது. சுவரை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த வெளிக்குக் கூரை போட்டு உணவுக்கூடம் ஆக்குகிறார்கள். பின்பக்கத்துத் தோட்டத்தில் விருந்தினர் அறைகள் எழுகின்றன. தெருவில் நின்று பார்த்தால் வீடு காப்பாற்றப்பட்டுவிட்டதாகவே தெரியும். வாரிசுகளின் சங்கடம் எனக்குப் புரிகிறது. பழைய வீட்டைப் பராமரிக்கப் பணம் வேண்டும், நிலம் சோறு போட வேண்டும். அதனால்தான் கட்டாமல் வைத்திருப்பவருக்குச் சொத்துவரியில் சலுகை வேண்டும் என்கிறேன்.

இன்டாக் போன்ற அமைப்புகள் இங்கே கட்டடங்களைப் பல ஆண்டுகளாக ஆவணப்படுத்திவருகின்றன. அந்த அடித்தளம் இருப்பதால் அடுத்த வேலை எளிது. கட்டடக்கலை மாணவர்களிடம் கேட்கிறேன். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, வீட்டாரின் அனுமதியோடு, வாயில் முதல் பின்மதில் வரை அளந்து எழுதுங்கள். திறந்த வெளி எத்தனை சதுர மீட்டர், எந்த மரம் எங்கே நிற்கிறது, எந்தப் பகுதிக்கு எந்த ஆண்டில் கூரை வந்தது என்று வீட்டுக்கு ஒரு தாள் போடுங்கள். நகராட்சிக்கும் ஒரு வேண்டுகோள்: மரபுப் பட்டியலில் ஒவ்வொரு வீட்டின் பெயருக்கு எதிரேயும் அதன் முற்றம், தோட்டம் ஆகியவற்றின் பரப்பளவுக்கு ஒரு பத்தி சேர்த்து, அந்த எண் குறையக் கூடாது என்று விதி செய்யுங்கள்.